ஒட்டுப் பருத்தியில் விதை எடுக்கலாமா?

நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை என்பது முதுமொழி. நெசவாளரும் குடியானவரும் கூடியுள்ள சங்கத்திற்கென்றே சொல்லி வைத்தாற்போன்றது அது. ஆயினும் வீரிய ஒட்டுப் பருத்தியில் அது பலிப்பதில்லை.

உலகில் முதன்முதலாக வணிக முறையில் பயிரிடப்பட்ட ஒட்டுப் பருத்தியான 'எச்-4', 1970-ஆம் ஆண்டில் சூரத் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்தது. ஒட்டு ரகங்கள் பரவப் பரவ, ஆண்டுதோறும் விதை வாங்கும் செலவும் குடியானவர் தலைமேல் ஏறிற்று. இந்நிலையில், "செடி தான் பெற்ற மாறுதலைச் சந்ததிக்கும் அளிக்கிறது என்று விஞ்ஞானிகளே கூறுகின்றனரே; நம் நிலத்தில் விளைந்த ஒட்டுச் செடியிலிருந்து நாமே விதை எடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் ஓர் உண்மையைக் கொண்டு மற்றோர் உண்மையை மறைத்தலாகாது.

ஜக்கார்டு அட்டையின் துளைமீது காகிதத்தை ஒட்டிவிட்டால் அதற்குரிய இழை எழும்பாது. அட்டை மாறவில்லை, சித்திரம் மாறிவிடுகிறது. அவ்வாறே மரபணுவின்மீது 'மீதைல்' என்னும் இரசாயன முத்திரை படிந்து அதனை உறங்க வைப்பதுண்டு. காட்டுப் பருத்தி பகற்பொழுது குறுகினாலன்றிப் பூக்காது. அதில் முத்திரையால் அடங்கியிருக்கும் ஒரு மரபணு, பயிர்ப் பருத்தியில் முத்திரை நீங்கி வேலை செய்கிறது என 2017-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. இருவகைப் பருத்திகள் இயற்கையில் கலந்தபோது ஏற்பட்ட முத்திரை மாறுதல்களிற் சில, பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்துள்ளன என்றும் அது கூறுகிறது.

எனினும், வெயிலாலும் வறட்சியாலும் படியும் முத்திரைகளிற் பெரும்பாலானவை அடுத்த தலைமுறைக்குள் அழிந்துவிடுகின்றன. ஒட்டின் வீரியமோ இரு பெற்றோரின் மரபணுக்கள் ஒருங்கே கூடியிருப்பதால் வருவது. அச்செடியின் விதையில் அவை பிரிகின்றன. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதியாகக் குறைகிறது. ஒரு செடி நெடிது, ஒரு செடி குறிது. பஞ்சின் நீளமும் பலவாறு. அத்தகைய பஞ்சில் நூல் ஒருசீராக இராது. தறியில் இழை அறும். குடியானவர் மிச்சம் பிடித்த காசை நெசவாளர் கூலியில் இழப்பார்.

ஆகவே ஒட்டு விதை வேண்டுவோர் ஆண்டுதோறும் புதிதாகவே வாங்குக. தேவையைச் சேர்த்துச் சங்கத்தின் மூலம் வாங்கினால் பேரம் பேசும் வலிமை உண்டு. சொந்த விதை வேண்டுவோர் கருங்கண்ணி போன்ற ஒட்டல்லாத ரகங்களைப் பயிரிட்டு, நல்ல செடிகளைத் தெரிந்தெடுத்து, பிற விதை கலவாமல் தனியே அரைத்து வைக்கட்டும். அங்கே முதுமொழி தவறாமற் பலிக்கும்.