தாயின் குற்றமன்று



மனச்சிதைவு நோய் ஓர் இல்லத்தில் தலைகாட்டியவுடன் எழும் முதற் கேள்வி, "இது யாரால் வந்தது?" என்பதே. உற்றாரும் அண்டை வீட்டாரும் ஆளுக்கொரு விடை பகர்வர். கற்றோரும் இதற்கு விலக்கல்லர். 1948-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பணியாற்றிய உளமருத்துவர் ஃபிரீடா ஃபிரொம்-ரெய்க்மன், தாயின் புறக்கணிப்பே பெரும்பாலும் இந்நோய்க்கு வித்தாகிறது என்னும் கருத்தை எழுதிவைத்தார். அது பல ஆண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. பிள்ளையின் நோயோடு பழியையும் சேர்த்துச் சுமந்த அன்னையர் பலர்.

ஆராய்ச்சியோ வேறு திசையைக் காட்டிற்று. நம் 6-ஆம் குரோமோசோமில், நோய் எதிர்ப்பு ஆற்றலை ஆளும் மரபணுக்கள் செறிந்த பகுதி ஒன்றுண்டு. அதற்கும் மனச்சிதைவுக்கும் தொடர்புண்டு என்று 2009-இல் அறிஞர் கண்டனர். 2016-இல் அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் மெக்கராலின் குழுவினர், ஏறக்குறைய 65,000 பேரின் மரபுக்கூறுகளை ஆராய்ந்து, அப்பகுதியிலுள்ள 'சி4' என்னும் மரபணுவைச் சுட்டிக்காட்டினர்.

சி4 புரதத்தின் பணி யாது? உடலில் புகுந்த கிருமிகளின்மீது அடையாளமிட்டு, அவற்றை அழிக்கும் அணுக்களுக்குக் காட்டிக்கொடுப்பதாகும். மூளையிலோ, மிகையான நரம்பிணைப்புகளை அகற்றவும் அது துணைபுரிகிறது என்பதை எலிகளிடம் நடத்திய சோதனைகள் உணர்த்தின. தோட்டக்காரன் வேண்டாத கிளைகளைக் கழிப்பதுபோல், வளரிளம் பருவத்தில் மூளையும் தன் இணைப்புகளைச் சீர்செய்கிறது. சி4 மிகுந்தால் வேண்டிய கிளைகளும் வெட்டுண்டு போகலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். இந்நோய் பெரும்பாலும் இளமையில் தோன்றுவது இக்கருத்துக்கு இயைந்ததே.

ஆயினும், தாயின் தோளினின்று இறக்கிய பழியைக் குலத்தின்மீது ஏற்றலாகாது. நூற்றுவரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரக்கூடிய இந்நோய், சி4-இன் மிகக் கேடான வகையினாலும் நூற்றுக்கு இருவர் என்னும் அளவை எட்டுவதில்லை. மேலும், 2022-இல் வெளியான பேராய்வு, இந்நோயோடு தொடர்புடைய 287 மரபிடங்களைக் கண்டது. ஒரே மரபுடைய இரட்டையருள் ஒருவர் நோயுற்றாலும், பாதி இணைகளிலேனும் மற்றவர் நலமாயிருக்கின்றார். எனவே ஒரு மரபணுவைக் கொண்டு எவருடைய வாழ்வையும் முன்கூட்டித் தீர்மானிக்க இயலாது. மணம் பேசும்போது ஒரு குடும்பத்தை ஒதுக்கவும் இது சான்றாகாது.

பயனுள்ள கேள்வி வேறொன்று: "மருத்துவரிடம் எப்போது அழைத்துச் செல்வோம்?" 1952 முதல் இந்நோய்க்கு மருந்துகள் உண்டு. சிகிச்சை விரைந்து தொடங்கினால் பயன் மிகுதி. பழி தேடிக் கழியும் மாதங்கள் நோயாளிக்குரிய மாதங்கள் என்பதை மறவாதிருப்போமாக.