எச்சில் வடிகட்டியும் பூட்டிய அறிவும்

பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுதானால் அதைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே காண்பது வழக்கம். மாட்டுங்கா, செம்பூர் அடுக்ககங்களின் தமிழ் வீடுகளில் அது உழைப்பை யார் செய்வது என்ற கேள்வியும்கூட. 2020ஆம் ஆண்டின் பொதுமுடக்கத்தில் வீட்டுவேலைப் பெண்கள் வர இயலாதபோது இந்திய நகரங்களில் இவ்வியந்திரத்துக்குத் திடீர்த் தேவை எழுந்தது. தாராவி போன்ற பகுதிகளிலிருந்து வந்து தட்டைத் துலக்கிய கைகளின் இடத்தில் இயந்திரம் அமர்ந்தது. கை மாறியதே தவிர எச்சில் மறையவில்லை. அது இயந்திரத்தின் அடித்தட்டில் உள்ள வடிகட்டியில் போய்த் தங்கியது.

பழுதுகளில் பெரும்பகுதி அங்கிருந்தே தொடங்குகிறது. கழுவி முடித்த பின்னும் நீர் வெளியேறாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வடிகட்டியை. கறிவேப்பிலைக் காம்பு, எலுமிச்சை விதை, முருங்கைக்காய் நார் ஆகியவை அதைத் தாண்டிக் கழிவுநீர்ப் பம்பின் சுழலியில் சிக்கினால் பம்பு உறுமும், நீர் நகராது. நீரே உள்ளே வராவிட்டால், குழாய் இணையும் இடத்திலுள்ள சிறு வலையில் தொட்டி வண்டல் அடைத்திருக்கலாம், அல்லது நீரழுத்தம் போதாமல் இருக்கலாம். குறித்த நேரத்துக்கு மட்டுமே மாநகராட்சி நீர் வரும் மும்பையில் இவை அரிதல்ல. கண்ணாடிக் குவளையில் வெண்படலம் படிந்தால் காரணம் பெரும்பாலும் நீரின் கடினத்தன்மை. தான்சா, பாட்சா, வைதர்ணா நீர்த்தேக்கங்களின் நீர் மென்மையானது. கோடையில் லாரியில் வரும் ஆழ்குழாய்க் கிணற்று நீர் அத்தகையதன்று. நிறுவிய நாளில் வைத்த உப்பு அளவையே ஆண்டு முழுவதும் விட்டுவைத்தால் படலம் படியத்தான் செய்யும். அடித்தட்டில் கசிவு நீர் தேங்கி மிதவை உயர்ந்தாலும் பல இயந்திரங்கள் ஓட மறுக்கும். அதைச் சர்க்யூட் போர்டின் கோளாறு என்று முடிவுகட்டுவது செலவுமிக்க பிழை.

மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வடிகட்டியைக் கழற்றிக் கழுவச் சில நிமிடங்கள் போதும். ஆயினும் அதற்கே பழுதுநீக்குநர் அழைக்கப்படுகிறார். பத்து, எச்சில் என்று விலக்கிப் பழகிய வீட்டுக்கு அந்த வடிகட்டியைத் தொடுவது இன்னொருவர் வேலையாகவே தோன்றுகிறது. 1886இல் அமெரிக்காவில் இத்தகைய இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஜோசபின் காக்ரேன், பணியாளர் கழுவும்போது பீங்கான் உடைகிறதே என்ற எரிச்சலில் அதைச் செய்ய முனைந்தார் என்று சொல்லப்படுகிறது. வீட்டுக் கருவிகள் வேலையை ஒழிப்பதில்லை, அதை இன்னொருவர் தலையில் ஏற்றுகின்றன என்பதை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983லேயே விரிவாக எழுதினார்.

மறுபுறம், திறந்து பார்க்க முனைவோரையும் நிறுவனங்கள் தடுக்கின்றன. திரையில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் தோன்றும். அவற்றின் முழு அட்டவணையும் மின்சுற்று வரைபடமும் பெரும்பாலும் நிறுவனத்தின் சொந்தப் பணியாளருக்கே கிடைக்கும். தெருமுனைப் பழுதுநீக்குநருக்கு மிஞ்சுவது சக தொழிலாளியின் அனுபவம். நகலெடுக்கும் இயந்திரங்களைச் சீர்செய்வோரை ஆராய்ந்து ஜூலியன் ஓர் 1996இல் எழுதிய நூல், அவர்களது அறிவு கையேட்டைவிட ஒருவருக்கொருவர் சொல்லும் கதைகளில்தான் வாழ்கிறது எனக் காட்டியது. அந்த அறிவு மதிக்கத்தக்கது; ஆனால் அதைக் காரணம் காட்டிக் கையேட்டை மறைப்பது நியாயமாகாது.

மின்சாரமும் நீரும் அருகருகே இருப்பதால் பாதுகாப்புக்காகவே இந்தக் கட்டுப்பாடு என்பது நிறுவனங்களின் வாதம். அதில் உண்மை உண்டு. எனினும் ஆபத்து இருக்கும் இடத்தில் தகவல் கூடுதலாகத் தேவை, குறைவாக அல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் இவ்வியந்திரங்களின் பம்பு, போர்டு முதலியவற்றைத் தொழில்முறைப் பழுதுநீக்குநருக்கு ஏழு ஆண்டுகளும், வடிகட்டி, நீர் தெளிக்கும் கை போன்றவற்றைப் பயனாளருக்கும் பத்து ஆண்டுகளும் கிடைக்கச் செய்ய வேண்டும் என விதித்தது. இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது. அதே டிசம்பரில் இணையதளமும் வந்தது. நிறுவனங்கள் விரும்பினால் தகவல் தரலாம் என்ற நிலையைக் கடந்து அது கடமையாக வேண்டும்.

சிறு பம்பு கிடைக்காமல் கைவிடப்படும் இயந்திரம் பழைய சாமான் கடைக்குப் போகிறது. இத்தகைய பொருள்களின் பிளாஸ்டிக்கும் உலோகமும் வந்து சேரும் இடங்களுள் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டும் ஒன்று. வீட்டுவேலையை இழந்த பெண்ணின் அண்டை வீட்டார் அதே இயந்திரத்தின் உடைசல்களைத் தரம்பிரிக்க நேரலாம். எனவே கோரிக்கை இரண்டு. பிழைக் குறியீடுகளும் உதிரிபாகங்களும் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் விளக்கங்களோடு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். இதை அரசிடம் கேட்கலாம். வடிகட்டியை வாரம் ஒருமுறை அந்தத் தட்டில் உண்டவரே கழுவ வேண்டும். இதை வீட்டுக்குள்தான் கேட்க முடியும்.