நிற்கும்போது நடுங்கும் கார்

ஓடும்போது ஒரு குறையும் இல்லை, சிக்னலில் நின்றால் மட்டும் கார் நடுங்குது. இப்படி என்றால் ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு ஓடுகிற ஆட்கள்தான் எங்களுக்குள் அதிகம்.

எங்கட 2012 மாடல் கார் இந்தக் குளிருக்குள் அதைத் தொடங்கியது. 700இல் நிற்க வேண்டிய ஆர்பிஎம் முள் 500க்கு விழும், 900க்கு ஏறும். ஒருநாள் நடுச்சந்தியில், இடப்பக்கம் திரும்பக் காத்து நின்றபோது, எஞ்சின் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டியது ஜி2 எடுத்து மூன்று மாதமான மகள். பிறகு அவள் சாவியைத் தொடவில்லை.

செக் எஞ்சின் விளக்கும் எரிந்தது. கராஜில் த்ரொட்டில் பொடி மாற்ற வேண்டும், 850 டொலர் என்றார்கள். ஏன் என்று கேட்டேன். "இந்த மாடலுக்கு வழமையா அதுதான் அண்ணை." வழமை என்பது சோதனை இல்லையே! "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வந்துவிட்டேன்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிச் சொருகி ஒன்று இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து கட்டாயமான ஓபிடி-2 இதுதான். ஐரோப்பாவில் புதுப் பெற்றோல் கார்களுக்கு 2001இல் இருந்து. அதில் ஒரு சின்ன புளூடூத் அடாப்டரைச் செருகினால் சென்சர்கள் சொல்வதெல்லாம் போனில் பதிவாகும். மகளையும் கூப்பிட்டேன், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். காரை வெளியே விட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். வீட்டுக் கராஜுக்குள் வேண்டாம். கதவு திறந்திருந்தாலும் கார்பன் மொனொக்சைட் ஆளைக் கொல்லும்.

வந்த கோட் பி0171. காற்றுக்கு ஏற்ற பெற்றோல் இல்லை என்பது அதன் பொருள். காற்று கூடிவிட்டதா, பெற்றோல் குறைந்துவிட்டதா, எந்தச் சாமான் பழுது என்றெல்லாம் கோட் சொல்லாது. அதற்குப் பதிவுதான் வேண்டும்.

எஞ்சின் தண்ணீர் 85 பாகை தாண்டும்வரை பொறுத்திருந்து, ஏசியை நிறுத்திவிட்டு, இரண்டு நிமிடம் சும்மா ஓடவிட்டோம். பிறகு 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்தோம். பார்க்க வேண்டியது ஃபியூல் ட்ரிம். கணக்குப்படி போக வேண்டிய பெற்றோலை எஞ்சின் கம்ப்யூட்டர் எத்தனை வீதம் கூட்டுது, குறைக்குது என்று அது காட்டும். ஷோர்ட் டேர்ம், லோங் டேர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கோ. பத்துக்குள் இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

எங்கட காரில் சும்மா நிற்கும்போது +24, 2500இல் +4.

"அப்பா, வேகமா ஓடேக்க ஏன் நல்லாயிருக்கு?"

நல்ல கேள்வி. சும்மா நிற்கும்போது இரண்டு லீட்டர் எஞ்சின் ஒன்று செக்கனுக்கு இரண்டு, மூன்று கிராம் காற்றுத்தான் இழுக்கும். காற்றளவுச் சென்சரைத் தாண்டிய இடத்தில் வெடிப்பு இருந்தால், அளக்காத காற்று கொஞ்சம் உள்ளே வந்தாலே அதில் பெரிய பங்கு. 2500இல் இழுக்கும் காற்று பல மடங்கு. அதற்குள் அந்தக் கொஞ்சம் அடிபட்டுப் போய்விடும். பெற்றோல் பம்ப் பலவீனம் என்றால் இது தலைகீழாக, சும்மா நிற்கும்போது சரியாகவும், மேட்டில் ஏறும்போது மோசமாகவும் இருக்கும்.

"அப்ப எங்கயோ ஓட்டை" என்று அவளே சொல்லிவிட்டாள். எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, டோர்ச் அடித்துத் தேடினோம். பிசிவி குழாயின் அடிப்பக்கம், வளைவில், விரல் நகமளவு வெடிப்பு. பழைய ரப்பர் குளிருக்கு விறைத்துப் பிளந்திருக்குது. புதுக் குழாய் 28 டொலர். மாற்றிய பிறகு சில நாட்களில் ட்ரிம் +3க்கு வந்தது. கடைக்கு இப்போது அவள்தான் ஓடுகிறாள்.

எல்லாக் காருக்கும் இதே கணக்கு இல்லை. சிலதில் காற்றளவுச் சென்சருக்குப் பதிலாக மானிஃபோல்ட் அழுத்தச் சென்சர் மட்டும் இருக்கும். அதில் இப்படி வெடித்தால் ட்ரிம் பெரிதாக மாறாது, சும்மா நிற்கும் ஆர்பிஎம்தான் ஏறி நிற்கும். ட்ரிம் சரியாக இருந்தும் நடுங்கினால் ஸ்பார்க் பிளக், கொயில் பக்கம் பாருங்கோ.

குழாயில் ஸ்ப்ரே அடித்து வெடிப்பைத் தேடும் வித்தையை யூடியூபில் காட்டுவார்கள். சூட்டு எஞ்சினில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். கண்ணுக்கு அகப்படாவிட்டால் புகைவிட்டுப் பார்க்கிற மெஷின் உள்ள கராஜாகப் பார்த்துப் போங்கோ. பதிவை முதலே ஈமெயிலில் அனுப்பிவிட்டு, சோதனைக்கு மட்டும் எவ்வளவு என்று கேளுங்கோ.