உதைப்பது துப்பாக்கியா, நாமா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவர், தேசிய மாணவர் படை)

சென்ற ஆண்டு முகாம் முடிந்து விடுதிக்குத் திரும்பிய இரவில் எங்கள் அறையில் சூடான விவாதம் ஒன்று நடந்தது. "துப்பாக்கி என்றால் பெரிதாக இருக்க வேண்டும், குண்டு பெரிதானால் குறி தப்பாது" என்பது வணிகவியல் நண்பர் ஒருவரின் கட்சி. அவருக்குச் சான்று திரைப்படங்கள். கதாநாயகன் கை நிறைந்த துப்பாக்கியை ஒற்றைக் கையில் ஏந்தி, ஓடும் காரில் இருந்தபடியே முன்னால் ஓடும் காரின் சக்கரத்தைச் சுட்டு வீழ்த்துகிறானே, அது பெரிய துப்பாக்கியின் மகிமைதானே என்றார். அன்று நான் வாய் திறக்கவில்லை. திறக்கும் நிலையிலும் இல்லை. ஏனெனில் அன்று காலைதான் ஒரு பெரிய துப்பாக்கி என்னை ஊரறிய அவமானப்படுத்தியிருந்தது.

நடந்தது இதுதான். நம் கல்லூரி மாணவர் படையில் நாம் சுடுவது .22 ரைபிள். படுத்த நிலையில் அதைச் சுட்டு, ஐந்து குண்டுகளையும் ஒரு தீப்பெட்டி அளவுக்குள் அடக்கிவிடுபவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. அதில் கொஞ்சம் செருக்கும் உண்டு. முகாமின் கடைசி நாளில், படைவீரர்கள் கையாளும் பெரிய ரைபிளைச் சுட எங்களில் சிலருக்கு வாய்ப்புக் கிடைத்தது. முதல் குண்டு வெடித்தபோது தோளில் யாரோ கட்டையால் குத்தியது போலிருந்தது. காது அடைத்துவிட்டது. மீதி நான்கு குண்டுகளும் இலக்கைத் தொடவே இல்லை. மண்மேட்டில் புழுதி கிளம்பியதை அனைவரும் கண்டு களித்தனர்.

எனக்கு அடுத்துப் படுத்தவர் நம் கல்லூரி மாணவி ஒருவர். எடை ஐம்பது கிலோ கூட இராது. "பாப்பாவைத் துப்பாக்கி தூக்கிப் போட்டுவிடும்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஐந்து குண்டுகளையும் உள்ளங்கையால் மறைத்துவிடும் இடத்துக்குள் போட்டுவிட்டு, எழுந்து சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். உடற்கட்டு, தோள்வலிமை என்று நாம் பேசிவந்ததெல்லாம் எங்கே போயின?

மாலையில் உஸ்தாத் என்னைத் தனியே அழைத்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசாதவர். உண்மை ரவைகளோடு வெடிக்காத போலி ரவைகளையும் கலந்து, எது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் நிரப்பிக் கொடுத்தார். சுட்டேன். இரண்டாவது ரவை போலி. 'டக்' என்ற ஓசை மட்டுமே கேட்டது. வெடி இல்லை, உதையும் இல்லை. ஆனால் ரைபிளின் முனை ஒரு முழம் கீழே குனிந்து எழுந்தது! என் கண்கள் இறுக மூடியிருந்தன. "பார்த்தியா தம்பி, ரைபிள் உன்னை உதைக்கிறதுக்கு முன்னாடியே நீ ரைபிளை உதைச்சிட்டே" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இந்த ஓராண்டாக மென்று கொண்டிருக்கிறேன். இக்கட்டுரை அதன் விளைவு.

ரைபிளுக்காவது முட்டுக்கொடுக்கத் தோள் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு மணிக்கட்டைத் தவிர வேறு துணை இல்லை. ஆகவே நான் சொல்லவந்த செய்தி கைத்துப்பாக்கியிலேயே தெளிவாகத் தெரியும். ஒரு குண்டின் குறுக்களவைத்தான் காலிபர் என்கிறார்கள். .22 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 5.6 மி.மீ. அவ்வாறே .45 என்பது 11 மி.மீ.க்குச் சற்று மேல். குண்டு முன்னே பாய்ந்தால் துப்பாக்கி பின்னே வரும். நம் பாடநூலில் இதற்குப் பெயர் பின்னியக்கம். மைதானத்தில் இதற்குப் பெயர் உதை.

இயற்பியல் மாணவன் என்ற உரிமையில் சிறிது கணக்குப் போடுகிறேன். கலைப்பிரிவு நண்பர்கள் பொறுத்தருள்க. .22 குண்டின் எடை ஏறத்தாழ 2.6 கிராம், வேகம் விநாடிக்கு 300 மீட்டர். 9 மி.மீ. குண்டு 8 கிராம், 350 மீட்டர். .45 குண்டு 15 கிராம், 255 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்கிப் பார்த்தால் இவற்றின் உந்தம் முறையே 0.8, 2.8, 3.8 என்று வருகிறது. வெடிமருந்துப் புகையின் பங்கை நான் சேர்க்கவில்லை. .22-ஐவிட .45 ஐந்து மடங்கு அளவுக்கு உதைக்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆனால் காலிபர் மட்டுமே உதையைத் தீர்மானிப்பதில்லை. துப்பாக்கியின் எடையும் உண்டு. 1,100 கிராம் எடையுள்ள .45 துப்பாக்கி விநாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் பின்வாங்கும். அதே கணக்கில், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் 400 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குட்டித் துப்பாக்கி ஏழு மீட்டர் வேகத்தில் பின்வாங்கும்! கதாநாயகனுக்குப் பெரிய துப்பாக்கியும் கதாநாயகிக்குக் கைப்பைத் துப்பாக்கியும் கொடுக்கிற நம் திரைப்பட இயக்குநர்கள், உதை அதிகமுள்ளதை அம்மையாருக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்பதை அறிவார்களோ, என்னவோ!

சரி, உதை குறியைக் கெடுக்கிறதா? இங்கேதான் பெரும்பாலோர் இடறி விழுகிறார்கள். 12 செ.மீ. நீளக் குழலை விட்டு .45 குண்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி போதும். அதற்குள் துப்பாக்கி பின்வாங்கும் தூரம் ஒன்றரை மி.மீ. அளவே. முனை சற்று மேலே தூக்கவும் செய்யும். ஆனால் குறிகாட்டியை அமைக்கும்போதே அதற்கும் சேர்த்துத்தான் அமைக்கிறார்கள். கை உதையை உணர்ந்து அசைய ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்காவது வேண்டுமே! நாம் உதையை உணரும் நேரத்தில் குண்டு இலக்கைத் துளைத்துவிட்டுப் போயிருக்கும். பட்டறைப் பிடிப்பான் போன்ற கருவியில் இறுகப் பொருத்திச் சுட்டால், நன்கு செய்யப்பட்ட .45 துப்பாக்கியும் குண்டுகளை நெருக்கமாகவே போடும். அமெரிக்காவில் 50 கெஜத் தொலைவில் அதை ஒற்றைக் கையால் சுட்டுப் பரிசு பெறுகிறவர்கள் இருக்கிறார்கள். எனவே பெரிய காலிபர் என்பதனாலேயே ஒரு துப்பாக்கி குறி தவறாது. குறி தப்பாமல் அடித்துவிடவும் செய்யாது.

குறியைக் கெடுப்பது வந்த உதை அன்று, வரப்போகிற உதை. விசையை அழுத்தும் அந்தக் கணத்தில், அடிபடப்போகும் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொள்வதுபோல உடல் தானே முந்திக்கொள்கிறது. மணிக்கட்டு குனிகிறது, கண் மூடுகிறது. கைத்துப்பாக்கியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி ஏறத்தாழ 15 செ.மீ. முன்குறி ஒரே ஒரு மி.மீ. விலகினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு 16 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். ரைபிளில் குறிகளுக்கிடையே 70 செ.மீ. இருந்தால் அதே தவறு மூன்றரை செ.மீ.யோடு நிற்கும். கைத்துப்பாக்கி இரக்கமற்ற ஆசிரியர் என்பது இதனால்தான். உதை பெரிதாகப் பெரிதாக இந்த அச்சமும் பெரிதாகிறது. அடுத்த குண்டுக்காக முனையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் நேரமும் கூடுகிறது. பெரிய வெடிச்சத்தமும் பாதிப் பழிக்கு உரியது. காதைப் பொத்திச் சுட்டால் பலருக்கு நடுக்கம் குறைவதை நானே கண்டேன்.

இது ஏதோ மாணவன் ஒருவனின் கோழைத்தனத்துக்குச் சொல்லும் சாக்கு என்று எண்ண வேண்டா. பெரிய பெரிய படைகளே இந்தப் பாடத்தைப் படித்து, மறந்து, மீண்டும் படித்திருக்கின்றன. முதல் உலகப்போரில் ஆங்கிலேய அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது .455 வெப்லி ரிவால்வர். குறுகிய பயிற்சியோடு போர்முனைக்கு வந்தவர்களால் அதை அடக்கிச் சுட முடியவில்லை. போருக்குப்பின் யோசித்தார்கள், 1932-இல்.38 என்பீல்டு ரிவால்வரை ஏற்றார்கள்.

அமெரிக்கர் கதை இன்னும் சுவையானது. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வர் எதிரியை நிறுத்தவில்லை என்று குறைபட்டு, 1904-இல் சோதனைகள் நடத்தி, 1911-இல் .45-க்கு மாறினார்கள். 1985-இல் அதை விட்டு 9 மி.மீ.க்கு வந்தார்கள். அந்நாட்டின் எஃப்.பி.ஐ.யோ எதிர்த்திசையில் ஓடியது. 1986 ஏப்ரல் 11-இல் மியாமி நகரில் இரு கொள்ளையருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அதன் அலுவலர் இருவர் மாண்டனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையன் ஒருவனின் உடலில் புகுந்த 9 மி.மீ. குண்டு இதயத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. உடனே, பெரிய குண்டு வேண்டும் என்ற குரல் எழுந்தது. 10 மி.மீ.யைக் கொண்டுவந்தார்கள். அதன் முழு வேகத்தில் உதை கடுமையாக இருந்ததால் மருந்தைக் குறைத்தார்கள். மருந்தைக் குறைத்த பிறகு அவ்வளவு நீளத் தோட்டா எதற்கு என்று அதைச் சுருக்கி 1990-இல் .40 என்ற புதிய தோட்டா பிறந்தது. அந்நாட்டுக் காவல்துறைகள் பலவும் அதன் பின்னே சென்றன. கால் நூற்றாண்டு கழித்து எஃப்.பி.ஐ. எங்கே போய் நின்றது தெரியுமா? மீண்டும் 9 மி.மீ.யில்! 2016-இல் அதற்கான ஒப்பந்தமும் செய்தார்கள். இடைக்காலத்தில் குண்டுகளின் அமைப்பு மேம்பட்டுவிட்டதும் ஒரு காரணம். ஆனால் அதன் பயிற்சிப் பிரிவு 2014-இல் எழுதிய குறிப்பு இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னது: துப்பாக்கிச் சண்டைகளில் காவலர் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு தவறிப் போகின்றன, பெரும்பாலான அலுவலர்கள் 9 மி.மீ.யில்தான் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள்.

அந்த 70 விழுக்காட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தவறிய குண்டு காற்றில் கரைந்துவிடுவதில்லை. அது எங்கோ ஒரு சுவரில் பதிகிறது. அல்லது பேருந்துக்குக் காத்து நின்ற ஒருவர் மேல் பாய்கிறது. ஆகவே ஒரு காவல்படைக்கு எந்தத் துப்பாக்கி என்று முடிவு செய்பவர்கள், குண்டின் கனத்தைக் கேட்பதற்கு முன்னால், சராசரிக் காவலர் ஒருவர் அதைக்கொண்டு ஐந்தாவது குண்டை எங்கே போடுகிறார் என்று கேட்க வேண்டும் என்பது என் துணிபு. பெரிய துப்பாக்கி வாங்கும் பணத்தில் பயிற்சி ரவைகள் வாங்கலாம். இரண்டும் கிடைத்தால் நல்லதுதான். ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் ரவைகளையே கேட்பேன்.

உலகின் தலைசிறந்த சுடுநர்கள் இதில் வெட்கப்படுவதில்லை. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டி .22-இல்தான் நடக்கிறது. விஜய்குமார் 2012-இல் லண்டனில் வெள்ளி வென்ற விரைவுச்சூட்டுப் போட்டியும் அதுவே. நான்கு விநாடியில் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டிய சுற்றும் அதில் உண்டு. ஒரு காலத்தில் அப்போட்டியின் வீரர்கள் .22 கூட அதிகம் என்று, அதிலும் நீளம் குறைந்த தோட்டாவைப் பயன்படுத்தினார்கள். 2005-இல் விதி மாறி அது விலக்கப்பட்டது. மனு பாக்கர் 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலங்கள் வென்ற 10 மீட்டர் போட்டிகளில் வெடிமருந்தே இல்லை. காற்றழுத்தத்தில் பாயும் 4.5 மி.மீ. குண்டுதான். அதைச் 'சின்னத் துப்பாக்கி' என்று எந்த நாட்டாராவது ஏளனம் செய்தார்களா?

நம் கல்லூரிக்கு வருவோம். சுடும் அணிக்கு ஆள் எடுக்கும்போது தோளின் அகலத்தைப் பார்க்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். முதல்முறை பெரிய ரைபிளைச் சுட்டுக் கண்ணை மூடிக்கொண்டவனைக் கேலி செய்வதையும் விட வேண்டும். கண்ணை மூடியது அவன் நரம்பு, அவன் அல்லன். ரவைகள் அரிது, ஆண்டுக்கு நமக்குக் கிடைப்பவை கைவிரல் கணக்குத்தான். ஆனால் வெறும் ரைபிளை வைத்துப் பழகச் செலவே இல்லை. குழலின் முனையில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகச் சொன்னார் உஸ்தாத். சனிக்கிழமை மாலைகளில் மாணவர் படை அறையில் நாங்கள் நால்வர் அதைச் செய்து வருகிறோம். மண்மேட்டில் புழுதி கிளப்பாத அந்த மாணவியும் வருகிறார். எங்களுக்கு ஆசிரியரே அவர்தான். முதல் வாரம் இருபது முறை அழுத்தியதில் என் நாணயம் பதினேழு முறை விழுந்தது. சென்ற சனிக்கிழமை நான்கு முறை. வணிகவியல் நண்பரையும் ஒரு நாள் அழைத்து வந்தோம். அவருடையது இருபது முறையும் விழுந்தது. நாணயத்தில்தான் ஏதோ கோளாறு என்கிறார்.