எந்த ஆண்டின் நியமம்?

மீள்குடியேறும் கிராமங்களில் வீடு, கிணறு, மதகு, பொதுமண்டபம் போன்ற வேலைகள் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமே கொந்தராத்தாகக் கொடுக்கப்படுவதுண்டு. இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் கையொப்பமிடும்போது தொகையையும் முடிவுத் திகதியையும் பார்க்கிறவர்கள், வரைபடத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் உள்ள நியம இலக்கங்களைப் பார்ப்பது குறைவு. கூரையின் பலமும் சங்கத்தின் பணமும் அந்த இலக்கங்களில் தங்கியிருக்கின்றன.

சீமெந்துக்கு எஸ்.எல்.எஸ். 107, சீமெந்துக் கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 855 என்று இலக்கங்கள் உண்டு. பொருளின் தரம் எப்படி இருக்கவேண்டும் என்பதை இந்த நியமங்கள் சொல்கின்றன. காலத்துக்குக் காலம் இவை திருத்தப்படும். இலக்கம் அப்படியே இருக்கும்; உள்ளடக்கம் மாறும். எந்தத் திருத்தம் என்பதை இலக்கத்தின் பின்னால் வரும் ஆண்டே காட்டும்.

கொங்கிறீற்றுக் கம்பிக்கான பிரித்தானிய நியமமான பி.எஸ். 4449 ஐ எடுத்துக்கொள்வோம். 1997 ஆம் ஆண்டுப் பதிப்பில் கம்பியின் பலம் சதுர மில்லிமீற்றருக்கு 460 நியூற்றன். 2005 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 500. பொறியியலாளர் 500 என்று கணக்கிட்டுக் கம்பிகளை வரைந்திருக்க, மேசன் அதே அளவில் பழைய 460 கம்பியைக் கட்டினால், கம்பியின் பலத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு குறைந்துவிடும். வரைபடத்திலோ வெறுமனே ‘பி.எஸ். 4449’ என்றுதான் இருக்கும். யாரைக் குறை சொல்வது?

ஆண்டு இல்லாத இலக்கத்தை இரண்டு விதமாக வாசிக்கலாம். நியமங்களை எழுதுவோரின் வழக்கப்படி, ஆண்டு இல்லையெனில் ஆகப் பிந்திய பதிப்பே செல்லும். ஆனால் ஃபிடிக் என்னும் பன்னாட்டு ஆலோசகப் பொறியியலாளர் சம்மேளனம் 1999 இல் வெளியிட்ட வடிவமைப்பு-கட்டுமான ஒப்பந்தப் படிவம் வேறுவிதமாகச் சொல்கிறது. கேள்விப்பத்திரம் ஒப்படைக்கும் இறுதி நாளுக்கு 28 நாள் முன்னர் இருந்த பதிப்பே செல்லும் என்பது அதன் விதி. பின்னர் நியமம் மாறி, அதன்படி வேலையையும் மாற்றவேண்டும் என்று பொறியியலாளர் தீர்மானித்தால், அது வேலை மாற்றமாகக் கணக்கிடப்படும்.

இந்த இரண்டாவது வழியே நீதியானது என்பது எமது கருத்து. புதியது எப்போதும் நல்லது என்று சிலர் வாதிடுவர். பாதுகாப்புக்காகத் திருத்தம் தேவையெனில் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் விலை பேசிய பின்னர் வந்த திருத்தத்தின் செலவை ஏழைச் சங்கத்தின் தலையில் சுமத்துவது முறையல்ல.

ஆகவே கையொப்பமிடுமுன் மூன்றைக் கேட்போம். ஒவ்வொரு நியம இலக்கத்துக்கும் பக்கத்தில் ஆண்டு எழுதப்பட்டுள்ளதா? இடையில் நியமம் மாறினால் யார் தீர்மானிப்பது, யார் செலவைக் கொடுப்பது என்று எழுதப்பட்டுள்ளதா? வரைபடம் திருத்தப்பட்டால் புதிய தாளில் திருத்த எழுத்தும் திகதியும் இடப்படுமா? புதிய தாள் வந்ததும் பழையதன் குறுக்கே கோடிட்டு, வேலைத்தளத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி ஒரு கம்பியையும் மாற்றவேண்டாம், எழுத்தில் கேளுங்கள்.

கேட்பது அவமரியாதை அல்ல. அந்தக் கூரையின் கீழ் படுக்கப்போவது எமது பிள்ளைகளே.