உறக்கமும் விழிப்பும்: இயங்குதளப் பாடத்தில் விடுபட்ட அத்தியாயம்

கேட் தேர்வின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் இயங்குதளம் என்னும் பகுதி செயல்முறை, இழை, ஒத்திசைவு, முட்டுக்கட்டை, நினைவக மேலாண்மை, கோப்பு முறைமை ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. கணினி உறங்கி எழுவது அப்பட்டியலில் இல்லை. தேர்வில் இல்லாதது வகுப்பறையிலும் மெல்ல இல்லாமற் போகிறது. மடிக்கணினியை மூடித் திறந்தபின் வைஃபை ஏன் எழவில்லை என்று கேட்டால், உயர் மதிப்பெண் பெற்ற மாணவரும் மறுதொடக்கம் செய்யச் சொல்வதோடு நின்றுவிடுகிறார்.

ஏசிபிஐ நெறிமுறை 1996இல் வெளியானது. எனவே இது புதிய சிக்கலன்று. அந்நெறிமுறை எஸ்3 என்றழைக்கும் உறக்கநிலையில் நினைவகத்திற்கு மட்டும் மின்சாரம் தொடர்கிறது. பெரும்பாலான சாதனங்களுக்கு நின்றுவிடுகிறது. விழித்தெழும்போது, சாதனம் ஒழுங்காக அமைக்கப்பட்டிருப்பதாக டிரைவரின் தரவுகள் சொல்கின்றன. சாதனத்தின் பதிவகங்களோ வெறுமையாகியிருக்கின்றன. நினைவகம் நம்புவதற்கும் வன்பொருளின் உண்மை நிலைக்கும் இடையிலான இப்பிளவைச் சரிசெய்வதே டிரைவரின் கடமை.

இதில் வரிசையும் முக்கியம். லினக்ஸ் கெர்னல் முதலில் பயனர் செயல்முறைகளை உறைய வைக்கிறது. பின்னர் யூஎஸ்பி சுட்டி, அதைத் தாங்கும் கட்டுப்படுத்தி, அதற்கும் மேலுள்ள பிசிஐ பாதை என, சேய்க்குப் பின்னரே தாய் உறங்குகிறது. எழும்போது வரிசை தலைகீழாகிறது. சாதனங்களை ஒரே நேரத்தில் இணையாக உறங்க வைக்கவும் கெர்னல் இடமளிப்பதால், சார்புகளை மதிப்பதே ஒரு வரைபடக் கணக்காகிவிடுகிறது.

பிழையைக் கையாள்வதில் ஒரு சமனின்மையும் உண்டு. உறங்கச் சொல்லும்போது ஒரு டிரைவர் பிழையைத் திருப்பியனுப்பினால் முழுக் கணினியின் உறக்கமும் கைவிடப்படும். எழும்போது நேரும் பிழையோ பதிவேட்டில் குறிக்கப்படுவதோடு சரி; கெர்னல் மேலே சென்றுவிடும். பாதியில் நின்று திரும்ப அங்கே வழியில்லை. மறுக்கும் உரிமை எங்கே முடிகிறது என்பதை மாணவர் இதனினும் தெளிவாகக் கற்க வேறோர் எடுத்துக்காட்டு அரிது.

பாடத்திட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்பது வழக்கமான மறுப்பு. ஆனால் இது கூடுதல் சுமையன்று. ஒத்திசைவு, சார்பு வரிசை, குறுக்கீடு, பிழை மீட்பு எனத் தனித்தனியே கற்பிக்கப்படுபவை ஒன்றுகூடும் இடம் இது. விலையுயர்ந்த ஆய்வகமும் வேண்டியதில்லை. பிழையறி வசதிகளுடன் தொகுக்கப்பட்ட லினக்ஸ் கெர்னலில் 'பிஎம் டெஸ்ட்' என்னும் வசதி உண்டு. அது கணினியை முழுமையாக உறங்க வைக்காமல், சாதனங்களை மட்டும் நிறுத்தி, சில நொடிகள் காத்திருந்து, மீண்டும் எழுப்பிக் காட்டும். மெய்நிகர் கணினியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

டிரைவர் எழுதும் ஆய்வகப் பயிற்சிகள் பல, சாதனம் ஒருமுறை இயங்கிவிட்டாலே மதிப்பெண் தந்துவிடுகின்றன. உறங்கி எழுந்தபின்னும் அது இயங்குகிறதா என்ற ஒரு சோதனையை அவற்றோடு சேர்த்தால் போதும். டிரைவர் எழுதத் தெரிந்தவர் யார் என்பது அப்போது தெரியும்.