தடைக்காலத்தில் படகைச் சுரண்டுகிறவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் செய்திகளில் தவறாமல் ஒரு வரி வரும்: மீனவர்கள் தங்கள் படகுகளைப் பழுது பார்த்து வர்ணம் பூசும் பணியில் மும்முரமாக இருக்கிறார்கள் என்று. நான் களப்பணி செய்யும் கடலோர ஊரில் அந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு படகு யார்டுக்குப் போய்ப் பாருங்கள். கரையேற்றி நிறுத்திய பழைய விசைப்படகுக்குக் கீழே மல்லாந்து படுத்தபடி அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருப்பவர் மீனவர் அல்ல. ஊருக்கு மேற்கே இருக்கும் காலனியிலிருந்து வந்தவர்.

படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டினால் வேகம் குறையும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கரையேற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும். முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். பிறகு இரும்புச் சுரண்டியால் சிப்பியைப் பெயர்க்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் பழைய பெயின்ட்டை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டை விரிசலுக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, கடைசியாகப் பாசி பிடிக்காத பெயின்ட் அடிக்க வேண்டும். எல்லாம் கையால். தூசி முழுவதும் நேராக முகத்தில் கொட்டும். ஒரு துண்டு, அதுதான் முகமூடி.

இந்த வேலையை இருபது வருடத்துக்கு மேல் செய்துவரும் ஒரு அண்ணனிடம், "மேலே படகு பேரும் படமும் நீங்கதான் எழுதுவீங்களாண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார். "அதுக்கு ஆர்ட்டிஸ்ட் வருவாரு தம்பி. தண்ணிக்கு மேல தெரியிறது அவரு வேலை. தண்ணிக்குள்ள போறது எங்க வேலை." படகு இறங்கும் நாளில் பூசை போட்டு, மாலை கட்டி, எல்லோருக்கும் சாப்பாடு நடக்கும். அடிப்பாகத்தைத் தேய்த்தவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. முந்தின நாளே கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

தடைக்காலம் தவிர்த்த மாதங்களில் அவர் துறைமுகத்தில் ஐஸும் மீன் பெட்டியும் சுமக்கிறார். படகு போகாவிட்டால் பெட்டி வராது. தடைக்காலத்தில் அந்த வேலையும் நின்றுவிடும். அரசு மீனவக் குடும்பங்களுக்குத் தடைக்கால நிவாரணம் தருகிறது. இவருக்கு இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் இவர் உறுப்பினர் அல்ல. ஏதாவது படிவம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் எழுதுகிறவர்கள் 'கூலி' என்று போட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லில் இருபது வருடக் கைத்திறன் காணாமல் போய்விடுகிறது.

இது புதிதல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர்ப் பகுதிகளில் இதைத்தான் பார்த்தோம். படகு இழந்தவருக்கு இழப்பீடு என்றார்கள். அந்தப் படகை நம்பிக் கூலிக்குப் போன தலித் குடும்பம் என்ன இழந்தது என்று கேட்க ஆள் இல்லை. நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் அப்போதே பதிவு செய்தன. கடல் சார்ந்த தொழிலில் 'பாதிக்கப்பட்டவர்' யார் என்பதை அன்றும் சாதிதான் தீர்மானித்தது.

மீனவ மக்களுக்கு எதிராக நான் இதை எழுதவில்லை. அவர்களும் கடலிலும் கரையிலும் அடிபடுகிறவர்கள். அவர்களுக்குக் கிடைக்கும் நிவாரணமே போதாது. ஆனால் ஒடுக்கப்பட்டவர் பட்டியலிலும் விடுபட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பேசாமல் இருப்பது ஒற்றுமை ஆகாது.

உடம்புக்கு வருவோம். பெயின்ட்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்த 2016-ல் ஒன்றிய அரசு விதி கொண்டுவந்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஆனால் அது வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளுக்கு மட்டும். பழைய படகில் எத்தனை அடுக்கு பெயின்ட் இருக்கிறது, எந்த அடுக்கில் ஈயம் இருக்கிறது என்று சுரண்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். சட்டையில் ஒட்டிய தூசி வீட்டுக்குப் போகிறது, குழந்தையைத் தூக்கும் கையில் போகிறது. வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவருக்குக் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் உண்டு. படகு கட்டடம் இல்லையே, இவர் எந்த வாரியத்துக்குப் போவார்?

இங்கே அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரெடெரிக் டக்ளஸ் பால்டிமோரில் அடிமையாக இருந்தபோது கற்றுக்கொண்ட தொழில், கப்பலின் பலகை இடுக்குகளில் நார் திணித்துத் தண்ணீர் புகாமல் அடைப்பது. அவர் சம்பாதித்த கூலியை எஜமானர் வாங்கிக்கொண்டார். 1838-ல் தப்பி, அடிமைமுறை இல்லாத மாசசூசெட்ஸில் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்துக்குப் போய் அதே வேலையைக் கேட்டார். கறுப்பர் ஒருவர் கப்பலில் கைவைத்தால் நாங்கள் வேலையை விட்டுப் போவோம் என்று வெள்ளைத் தொழிலாளர்கள் நின்றார்கள். தொழில் தெரிந்தவர் மரம் அறுத்தார், கரி அள்ளினார், குப்பை வாரினார். சுதந்திர மண்ணிலும் அவருக்குக் கிடைத்தது 'கூலி' என்ற பெயர்தான்.

பம்பாய்ப் பஞ்சாலைகளிலும் இதுவே நடந்தது. அதிகக் கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்கவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்தி முடிய வேண்டியிருந்ததால் தீட்டு என்றார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைக் கோரிக்கையாக வைத்துத் தொழிற்சங்கத் தலைவர்களிடம் பேச வேண்டியிருந்தது. தொழிலாளர் ஒற்றுமை பேசுகிற இடத்தில் இதையும் பேசு என்று வற்புறுத்தினார்.

ஆனால் பால்டிமோர் கதை அங்கே முடியவில்லை. 1865-ல் வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கறுப்பினத் தொழிலாளர்களைக் கப்பல் பட்டறைகளிலிருந்து விரட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஐசக் மையர்ஸ், சொந்தப் பட்டறை வைப்போம் என்றார். தேவாலயங்கள் வழியாகச் சின்னச் சின்னப் பங்குகளாக 10,000 டாலர் திரட்டி, 1866-ல் கப்பல் பட்டறை தொடங்கினார்கள். நூற்றுக்கணக்கானோருக்கு வேலை கொடுத்த அந்தப் பட்டறை 1884 வரை நடந்தது. கப்பலின் அடியில் கிடந்தவர்கள் பட்டறைக்கே உரிமையாளர்கள் ஆனார்கள்.

நம் கோரிக்கைகளும் அந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் 2007-ல் வந்த மீனவர் நலச் சட்டத்தின் பெயரிலேயே மீன்பிடிப்பும் அதைச் சார்ந்த தொழில்களும் செய்யும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் படகைச் சுரண்டி, தேய்த்து, பெயின்ட் அடிப்பவரும், பெட்டி சுமப்பவரும் சாதி பார்க்காமல் அந்த வாரியத்தில் பதிவு பெற வேண்டும். தடைக்கால நிவாரணம் அவர்களுக்கும் வர வேண்டும். ஈயத்துக்கான விதி படகுப் பெயின்ட்டுக்கும் நீள வேண்டும். யார்டு எடுத்து நடத்துபவர் முகமூடியும் கையுறையும் தர வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வழி செய்ய வேண்டும். இந்தத் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கமே அரசு யார்டுகளில் வேலையை நேரடியாக எடுக்க வழி வேண்டும்.

இதற்கு முதலில் பெயர்ப்பட்டியல் வேண்டும், அது இன்று யாரிடமும் இல்லை. கடலோர மாவட்டங்களில் படிக்கும் தம்பி தங்கைகளே, அடுத்த ஏப்ரலில் ஒரு நோட்டோடு உங்கள் ஊர் யார்டுக்குப் போங்கள். எத்தனை பேர், எந்த வயது, எத்தனை வருட அனுபவம், என்ன கூலி, என்ன இருமல் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். வாரியத்தில் இவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

தொழில் என்ற இடத்தில் மட்டும் 'கூலி' என்று எழுதாதீர்கள். படகு பழுது பார்ப்பவர், படகு பெயின்டர் என்று எழுதுங்கள். அந்த அண்ணனின் மனுவில் நான் அப்படித்தான் எழுதினேன். எழுதியதை ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.